நேசமணிக்கு வேண்டிக்கொண்டோம்

2019 மே 29ஆம் தேதி ராத்திரி, வடமாலபேட்டையில் நாங்கள் எல்லோரும் நேசமணி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். ஒரு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். இது மண்டையில் விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்கிற அர்த்தத்தில் நம்மாள் ஒருவர் பதில் போட, பற்றிக்கொண்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001இல். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சினிமாவில் விழுந்த சுத்தியலுக்கு உலகம் பூராவும் பிரார்த்தனை நடந்தது. மறுநாள் டெல்லியில் மோடி பதவியேற்றார், விஜயவாடாவில் ஜெகன் பதவியேற்றார். எங்கள் போனில் நேசமணியின் உடல்நிலைதான் ஓடிக்கொண்டிருந்தது. "பக்கத்துலயே புத்தூர் இருக்கும்போது அவருக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, எலும்புக் கட்டு போட்டுட்டா போச்சு" என்று எங்களில் ஒருவர் குழுவில் எழுதினார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

நேசமணியாக நடித்த வடிவேலு அப்போது படமில்லாமல் வீட்டில் இருந்தார். அது எங்களுக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் ஊர் சென்னை–திருப்பதி சாலையில், புத்தூர் தாண்டி வருகிறது. முன்பு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுகிறவர்கள் நாங்கள். படம் வெளியாவதற்கு முன்னால் மலைக்குப் போகிற கோடம்பாக்கத்துக் கார்கள் எங்கள் டோல்கேட்டில் நின்றுதான் போக வேண்டும். இரண்டு மொழிச் சினிமாவும் எங்களுக்குச் சொந்தம் என்று பீற்றிக்கொள்வோம். சொந்தக்காரர்கள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் செய்தோமா என்றால், இல்லை.

2011 தமிழ்நாட்டுத் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால் அந்தப் பிரச்சாரத்தை டிக்கெட் வாங்காத காமெடிப் படமாகத்தான் பார்த்தோம். தி.மு.க.வுக்காக வடிவேலு மேடை மேடையாக ஏறினார். அவர் பேச்சின் குறி விஜயகாந்த். இருவருக்கும் பழைய கணக்கு இருந்தது. 'சின்ன கவுண்டர்' படத்தில் விஜயகாந்துக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவர் வடிவேலு. 2008இல் சென்னையில் அவர் வீட்டில் கல் விழுந்தபோது விஜயகாந்த் தரப்பின் மேல்தான் புகார் சொன்னார். அந்தக் கோபம் எல்லாம் மேடையில் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அது நல்ல பேச்சு இல்லை. ஒருவருடைய குடியைக் குத்திக்காட்டிக் கைதட்டல் வாங்குகிற பேச்சு. அன்றைக்கு அது எங்களுக்கு உறைக்கவில்லை. டி.வி.யைச் சத்தமாக வைத்தோம்.

மே 13ஆம் தேதி முடிவு வந்தது. விஜயகாந்தின் தே.மு.தி.க.வோடு கூட்டணி வைத்த அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தே.மு.தி.க.வுக்கு 29 இடம், தி.மு.க.வுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலு காணாமல் போனார்.

காணாமல் போனார் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம். அதற்கு முன்னால் வருஷத்துக்குப் பத்துப் படம் நடித்துக்கொண்டிருந்த மனிதர். ஏற்கெனவே நடித்துவைத்திருந்த ஒன்றிரண்டு படங்கள் வந்தன, அப்புறம் 2014 ஏப்ரல் வரை எதுவுமில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. எந்தச் சங்கமும் அப்போது தீர்மானம் போடவில்லை. ஒரு தயாரிப்பாளருக்கு 'எதுக்கு வம்பு' என்று தோன்றியது, இன்னொருவருக்கும் அதே தோன்றியது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 2012 பிப்ரவரியிலேயே சட்டசபையில் ஜெயலலிதாவும் விஜயகாந்தும் முட்டிக்கொண்டு கூட்டணி உடைந்துவிட்டது. பயத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட கூட்டணியே போன பிறகும் பயம் மட்டும் இருந்தது. அவர் யாருக்காகத் தொண்டை கிழியப் பேசினாரோ அந்தப் பக்கத்துப் படக் கம்பெனிகளும் அவரைத் தேடிப் போகவில்லை. உதயநிதியின் ரெட் ஜெயன்ட் 2012இல் எடுத்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யில் காமெடிக்கு சந்தானம். நாங்கள் அதைத் திருப்பதிக்குப் போய்ப் பார்த்து, சந்தானம் இருக்கும்போது வடிவேலு எதுக்கு என்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

'தி ஃப்ரண்ட்' என்று ஓர் அமெரிக்கப் படம், 1976இல் வந்தது. எங்களில் ஒருவன் பழைய ஹாலிவுட் படங்களைத் தோண்டிப் பார்க்கிறவன். அவன் சொல்லித்தான் அதை அண்மையில் பார்த்தோம், ஒரே போனை நான்கு பேர் சூழ்ந்துகொண்டு. கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி எழுத்தாளர்களையும் நடிகர்களையும் அமெரிக்க சினிமாவும் தொலைக்காட்சியும் வெளியே தள்ளிய காலத்தின் கதை. ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு சாதாரண ஆள், உட்டி ஆலன் நடித்தது, வேலை மறுக்கப்பட்ட தன் நண்பன் எழுதுவதற்குத் தன் பெயரைக் கொடுக்கிறான். கூலியில் பத்து சதவீதம் அவனுக்கு. அப்புறம் இன்னும் இரண்டு எழுத்தாளர்கள் வந்து சேர்கிறார்கள். ஒரு வரி எழுதத் தெரியாதவன் பெரிய எழுத்தாளனாகிவிடுகிறான். நம்மூர்க் காமெடி டிராக்குக்கு எழுதினாற்போலிருக்கும் கதை.

ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது அந்தப் படத்தில் வருகிற காமெடி நடிகர் ஹெக்கி பிரவுன். நடித்தவர் ஜீரோ மாஸ்டல். ஹெக்கி செய்த குற்றம், எப்போதோ ஒரு பெண்ணைக் கவர்வதற்காக மே தின ஊர்வலத்தில் நடந்தது. கொள்கை எதுவும் கிடையாது. வேலை போகிறது. முன்பு வாங்கியதில் ஒரு துண்டுக் கூலிக்கு மலைப்பக்கத்து விடுதியில் போய் ஆடுகிறார், கூட்டம் சிரிக்கிறது, பேசிய பணத்தைக்கூடத் தர மாட்டேன் என்கிறான் விடுதிக்காரன். கடைசியில் ஒரு ஹோட்டல் அறைக்குப் போய், ஷாம்பெயின் குடித்து, ஜன்னல் வழியாக விழுந்து செத்துப்போகிறார். 1955இல் அப்படி வேலையிழந்து ஹோட்டல் அறையில் உயிரை விட்ட ஃபிலிப் லோப் என்ற நடிகரை மனதில் வைத்து எழுதியது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயக்குநர் மார்ட்டின் ரிட், தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது 1951. கதை எழுதிய வால்ட்டர் பெர்ன்ஸ்டைன், 1950. ஜீரோ மாஸ்டல், 1950. வரிசையாகப் பெயரும் வருஷமும். நடித்துக்காட்டியவர்களே பட்டவர்கள். எந்த வசனமும் அவ்வளவு வலிக்கவில்லை.

அந்தக் காலத்தில் 'ரெட் சேனல்ஸ்' என்று ஒரு சிறு புத்தகம் போட்டார்கள், 1950இல். அதில் இருந்த பெயர்கள் 151. (எங்கள் மாநிலத்தில் இந்த எண்ணைச் சொன்னால் வேறு ஞாபகம் வரும். 2019இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஜெயித்ததும் 151.) அந்தப் புத்தகத்துக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. அதற்குப் பலம் கொடுத்தவர்களில் சிராக்யூஸ் என்ற ஊரில் சூப்பர்மார்க்கெட் வைத்திருந்த லாரன்ஸ் ஜான்சன் என்பவரும் ஒருவர். பட்டியலில் உள்ள நடிகரை வைத்து நிகழ்ச்சி நடத்துகிற கம்பெனியின் பொருள் மேல் என் கடையில் அறிவிப்பு மாட்டிவிடுவேன் என்று மிரட்டுவார். பெரிய பெரிய கம்பெனிகள் அந்த மளிகைக்காரருக்குப் பயந்தன. உண்மையில் அவை பயந்தது அவருடைய கடைக்கு வந்து சோப்பும் பேஸ்ட்டும் வாங்குகிற சனங்களுக்கு. அந்தச் சனங்களை யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர், நடிகர் எந்தக் கட்சியாக இருந்தால் எனக்கென்ன என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் தாங்களாக முன்வந்து சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டோம். 'மக்கள் ஏத்துக்க மாட்டாங்க' என்று கோடம்பாக்கத்தில் யாராவது சொன்னால் அந்த மக்கள் நாங்கள்தான். எங்கள் பெயரைச் சொல்லித்தான் ஒருவரின் அடுப்பை அணைத்தார்கள். 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே' என்று ஒரு கடிதமாவது, ஒரு பத்திரிகைக்காவது எழுதியிருக்கலாம். கட் அவுட்டுக்குப் பாலூற்ற நேரம் கிடைத்தவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில் கிஷோர் குமார் பாட்டை அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தினார்கள். அரசாங்கத்துக்குப் பாட மறுத்ததற்குத் தண்டனை. 'தி ஃப்ரண்ட்' வெளியானதும் அதே 1976தான் என்பது தற்செயல். கிஷோர் குமார் விஷயத்தில் அமைச்சர் வி.சி. சுக்லாவின் அமைச்சகம் செய்தது என்று தெரிந்தது, பின்னால் ஷா கமிஷனும் அதை விசாரித்தது. உத்தரவு இருந்தால் அதைக் கொண்டுபோய் ஒரு கமிஷன் முன்னால் வைக்கலாம். 'எதுக்கு வம்பு' என்பதை எந்தக் கமிஷன் முன்னால் வைப்பது?

இன்னொன்றும் அந்தப் படம் பார்த்தபோது உறுத்தியது. அதில் எழுத்தாளனிடம் திறமை இருக்கிறது, வெளியே காட்டப் பெயர் இல்லை. இன்னொருவன் பெயரைக் கடன் வாங்குகிறான், அதற்குக் காசு கொடுக்கிறான். எங்கள் கதையில் இது தலைகீழ். நாங்கள் வடிவேலுவின் முகத்தைக் கடன் வாங்கினோம். தண்ணீர் வரவில்லையா, பெட்ரோல் விலை ஏறியதா, மாமியார் வந்துவிட்டாரா, எதற்கும் அவர் முகம். கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் திட்ட அதே முகத்தைத்தான் எடுத்தார்கள். நேரடியாகச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லாததையெல்லாம் அவர் முகத்தை முன்னால் தள்ளிச் சொன்னோம். காமெடி சேனல்களில் காலையிலிருந்து ராத்திரிவரை அவர் சீன்கள் ஓடின. பத்து சதவீதம் வேண்டாம், பத்துப் பைசா அவருக்குப் போயிருக்காது. அவர் வேலையில்லாமல் இருக்கிறார் என்பதே எங்களுக்கு மறந்துபோனதற்குக் காரணம், அவர் எங்கள் போனை விட்டு ஒரு நாளும் போகவில்லை.

2014இல் 'தெனாலிராமன்' வந்தபோது எங்களுக்கு நிஜமாகவே ஒரு வாய்ப்பு கிடைத்தது. கிருஷ்ணதேவராயரைக் கேலி செய்கிறார்கள் என்று தெலுங்கு அமைப்புகள் எதிர்த்தன, வழக்குப் போனது. மூன்று வருஷம் கழித்து ஒருவர் நாயகனாக வெளியே தலைகாட்டுகிறார், வாசலிலேயே மறியல். அந்தச் சண்டையில் வாய் திறக்க எங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? விஜயநகர ராயர்களின் சந்திரகிரிக் கோட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். தெனாலி ராமகிருஷ்ணன் கதையைத் தெலுங்கில் கேட்டுத் தூங்கி, தமிழில் வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1956இல் பி.எஸ். ரங்கா அதை இரண்டு மொழியிலும் எடுத்தார். தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் சிவாஜி, இரண்டிலும் ராயர் ஒரே என்.டி.ஆர். ராஜாவைச் சீண்டிவிட்டுத் தலை தப்பிய விகடகவியின் கதை அது என்றும், ராயரை அது சின்னவராக்கவில்லை, சிரிக்கத் தெரிந்த பெரியவராக்கியது என்றும் இரண்டு பக்கமும் போய்ச் சொல்லியிருக்கலாம். தெலுங்கு நண்பர்களிடம் தெலுங்காகத் தலையாட்டினோம். தமிழ் நண்பர்களிடம் தமிழாக முறுக்கினோம். எல்லையில் இருக்கிறவனுக்கு இந்த வித்தை கூடவே பிறந்தது. ஏப்ரல் 18ஆம் தேதி படம் வந்தது. முதல் வாரம் போனவர்கள் எங்களில் இரண்டே பேர். மற்றவர்கள் அடுத்த பொங்கலுக்கு டி.வி.யில் போடுவான் என்று இருந்துவிட்டோம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2017இல் 'மெர்சல்' வந்த பிறகு 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வரும்வரை ஐந்து வருஷம் அவருக்குப் படம் வராததில் அரசியல் இல்லை. '24ஆம் புலிகேசி' படம் பாதியில் நின்றது, தயாரிப்பாளர் ஷங்கர் தரப்பின் புகாரில் தயாரிப்பாளர் சங்கம் அவருக்கு ரெட் கார்டு போட்டது, 2021 ஆகஸ்டில் பேசித் தீர்த்தார்கள். நேசமணிக்கு நாங்கள் உருகிய ராத்திரி இந்தத் தகராறின் நடுவில்தான் வந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எங்களிடம் ஒப்பந்தக் காகிதம் இல்லை. ஆனால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இந்த இரண்டாவது தகராறை எடுத்து முதல் தடவைக்கும் சேர்த்துப் பூசினோம். 'அவருக்குத் திமிருங்க, அதான் இப்படி' என்று 2011க்கும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டோம். ஒருவரைக் கைவிட்டவனுக்கு அவரிடம் ஒரு குறை அவசரமாகத் தேவைப்படுகிறது. அவரிடம் குறைக்குப் பஞ்சமில்லை, அதுவும் வசதியாகப் போயிற்று.

தமிழ்நாட்டுக் கதையை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் நகரி தொகுதிக்குப் பத்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் நடிகை ரோஜா. 2014இல் 858 ஓட்டில் ஜெயித்தார், 2019இல் 2,708இல், 2024இல் தோற்றார். அவ்வளவு இழுபறியான தொகுதியில் டீக்கடையில் யார் என்ன பாட்டு கேட்கிறார்கள் என்பதுகூடக் கட்சிக் கணக்காகிவிடும். ரோஜா நடித்த 'செம்பருத்தி' பாட்டு டி.வி.யில் வந்தால் ஒரு கோஷ்டி சேனலை மாற்றச் சொல்லும், இன்னொரு கோஷ்டி சத்தம் கூட்டச் சொல்லும். 1992ஆம் வருஷத்துப் பாட்டு அது. ரோஜாவின் கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அப்போது பிறக்கவே இல்லை.

காமெடி நடிகர் பிருத்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'முப்பது வருஷ இண்டஸ்ட்ரி' என்ற ஒரே வசனத்தை அடைமொழியாக்கிக்கொண்டவர். ஒய்.எஸ்.ஆர். காங்கிரசில் இருந்தார், 2019இல் திருப்பதியில் தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. சேனலுக்குத் தலைவரானார், 2020 ஜனவரியில் விலகினார், பின்னால் ஜனசேனாவுக்குப் போனார். 2025 பிப்ரவரியில் 'லைலா' பட விழாவில் ஆட்டுக் கணக்கு ஒன்றை ஜோக்காகச் சொன்னார்; நூற்றைம்பது ஆடு கடைசியில் பதினொன்றானது என்கிற மாதிரி. 2024 தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் 151 இடம் 11 ஆனதைத்தான் குத்துகிறார் என்று படத்தையே புறக்கணிக்கச் சொல்லி ட்ரெண்ட் செய்தார்கள். படத்தின் நாயகன் விஷ்வக் சென் மேடை ஏறி வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது, பிருத்வியும் மன்னிப்புக் கேட்டார். எங்களில் சிலர் அந்தப் புறக்கணிப்பைப் பகிர்ந்தோம். வேறு சிலர் ஆட்டு ஜோக்கைப் பகிர்ந்தோம். அந்தப் படத்தில் வேலை செய்த லைட்மேனுக்கும் மேக்கப்காரருக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மளிகைக் கடைக்காரர் ஜான்சனுக்கு அறிவிப்பு அட்டை எழுதி மாட்ட வேண்டியிருந்தது. எங்களுக்குக் கட்டைவிரல் போதும்.

2023 ஜூன் 29இல் 'மாமன்னன்' வந்தது. எடுத்தது அதே ரெட் ஜெயன்ட், இயக்கியது மாரி செல்வராஜ். வடிவேலுவுக்கு எம்.எல்.ஏ. வேஷம். எம்.எல்.ஏ.வாக இருந்தும் கட்சிக்காரர் வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்காத மனிதர். படத்தின் முதல் பாதியில் சிரிப்பதற்குத் தயாராகப் போன நாங்கள் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் முழித்தோம். பக்கத்து வரிசையில் ஒரு பையன் அவர் முகத்தைப் பார்த்த பழக்கத்தில் சிரித்துவிட்டான், அப்புறம் தானாக அடங்கினான். 'என்னா நடிப்பு, இத்தனை நாளா இவரை வீணடிச்சிட்டாங்களே' என்று வெளியே வந்து சொன்னோம். 'வீணடிச்சிட்டாங்க' என்றுதான் சொன்னோம். 'வீணடிச்சிட்டோம்' என்று வாயில் வரவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்களுக்கு மிகவும் கூச்சமான விஷயம். வடிவேலு தனியாக நடித்தவர் இல்லை. அவரைச் சுற்றி அடிக்கிற, அடிவாங்குகிற, துரத்துகிற, கடன் கேட்கிற ஒரு கூட்டமே உண்டு. நாயகக் காமெடியனுக்குச் சேர்த்துவைத்த பணம் இருக்கும், வீடு இருக்கும். தினக்கூலிபோல ஒரு சீனுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு அவர் இல்லாத வருஷங்களில் சீனும் இல்லை. பட்டியலில் ஒருவர் பெயரைச் சேர்த்தால் அவரோடு கூட இருபது பேர் விழுவார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவர்கள் பெயரே எங்களுக்குத் தெரியாது. 'அந்த மொட்டை', 'அந்த ஒல்லி', 'அந்தப் பல்லன்' என்றுதான் சொல்லுவோம்.

அவர்களில் ஒருவர் வெங்கல் ராவ், எங்கள் ஆந்திராக்காரர். வருஷக்கணக்காக ஸ்டண்ட் ஆளாக இருந்து, அடிபட்டு, அப்புறம் காமெடிக்கு வந்தவர். தன் தலைமேல் வைத்த கையை வடிவேலு எடுக்க முடியாதபடி மிரட்டி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். 2024 ஜூனில் உடல்நிலை மோசமாகி, அவர் உதவி கேட்டுப் பேசிய வீடியோ எங்கள் குழுவுக்கும் வந்தது. பார்த்தவர்கள் இருபத்திரண்டு பேர் என்று காட்டியது. யாரும் பணம் அனுப்பியதாகச் சொல்லவில்லை.  அன்று சாயங்காலம் குழுவில் அவருக்காக என்று அந்தத் தலையில் கை வைக்கிற காட்சியைப் போட்டோம். கீழே சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.